வேட்டைக்கும் டார்கெட்டுக்கும் ஒரே காம்பவுண்டு வில்: கொங்கு நாட்டில் வாங்குகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

“வேட்டைக்கும் ஆகோணும், டார்கெட்டுக்கும் ஆகோணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வில்லாச் சொல்லுங்க.” கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் காம்பவுண்டு வில் (இரு முனையிலும் சக்கரம் பூட்டிய நவீன வில்) வாங்க நினைக்கிறவர்களில் பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இதைக் கேட்கிறவர்களில் மூன்று வகை உண்டு. அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, அங்கே மான் சீசனுக்கும் போய், ஊருக்கு வரும்போது தோப்பில் பயிற்சி செய்ய நினைக்கிறவர் ஒருவர். இங்கேயே இருந்து போட்டிகளுக்குப் போக ஆசைப்படுகிறவர் இன்னொருவர். மூன்றாமவர் வீடியோ பார்த்துவிட்டு “காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை, ஒரு வில் இருந்தால் நல்லது” என்று யோசிக்கும் விவசாயி. முதல் இருவருக்கும் வில் பற்றிய பதில் இருக்கிறது. மூன்றாமவருக்குச் சட்டம் பற்றிய பதில்தான் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடலாம்.

## வேட்டை என்றால் எங்கே?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. துப்பாக்கிக்கு மட்டும்தான் தடை, வில்லுக்கு இல்லை என்று சிலர் சொல்வது தவறு. கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் விரட்டுவதும் முயற்சி செய்வதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். நம் காட்டில் சாதாரணமாகத் திரியும் முயலும் அந்தப் பட்டியலில் உண்டு. மயிலும் உடும்பும் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதற்குக் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025இல் ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம், ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். தோட்டக்காரர் கையில் வில்லைக் கொடுக்கும் ஆணை அல்ல அது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. இன்று அதே அம்பை விட்டால் ஐந்துக்கும் வழக்கு வரும். ஆடி மாதம் அதே மலையில் ஓரி விழா நடக்கிறது. அங்கே நடக்கும் வில்வித்தைப் போட்டியில் அம்பு பலகையில் மட்டும்தான் பாயும்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். வில்லைக் காரில் போட்டுக்கொண்டு பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறுவதும், ஆனைமலைப் பக்கம் டாப்சிலிப் போவதும் தேவையில்லாத வம்பு.

ஆக, கொங்கு நாட்டில் இருப்பவருக்கு “வேட்டை” என்பது இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அது அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டில், அங்கே உரிமம் எடுத்துச் செய்வது. எல்லா நாட்டிலும் இது நடக்காது. பிரிட்டனில் வில் வேட்டைக்குத் தடை, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். மற்றொன்று, நுரைப்பொருளில் செய்த மான், பன்றி உருவங்களை மரங்களுக்கு நடுவே வைத்து, தூரம் சொல்லாமல் எய்யும் 3டி விளையாட்டு. வேட்டைக்காரனின் திறமையில் முக்கால்வாசியை இந்த 3டி கேட்கும், யார் உயிரும் போகாது. என்னைக் கேட்டால் இங்கே இருப்பவர் “வேட்டைக்கும்” என்று சொல்லும்போது உண்மையில் இதைத்தான் தேடுகிறார்.

## எதை வைத்து எடை போடுவது?

கடைக்காரரும் விளம்பரமும் முதலில் சொல்வது வேகம்: நொடிக்கு 340 அடி, 350 அடி. அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். 70 பவுண்டு டிரா வெயிட் (நாணை இழுக்கும்போது வரும் உச்ச பாரம்), 30 அங்குல டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்), 350 கிரெயின் (சுமார் 23 கிராம்) எடையுள்ள லேசான அம்பு, இந்த மூன்றையும் வைத்து அளந்த வேகம் அது. நம் ஊரில் அந்த மூன்றும் ஒன்றாக அமைகிற ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

கைகளை இருபுறமும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து, 2.5ஆல் வகுத்தால் உங்கள் டிரா லெங்த் ஏறக்குறைய வந்துவிடும். ஐந்தடி ஆறங்குலம் உள்ளவருக்கு அது 26½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 10 அடி வேகம் போகும். 60 பவுண்டுக்கு இறக்கி, 400 கிரெயின் அம்பு வைத்தால், 340 என்று விற்ற வில் உங்கள் கையில் 265 அடியை ஒட்டித்தான் எய்யும். அது போதுமா? தாராளமாகப் போதும். அந்த அம்பில் இருக்கும் ஆற்றல் சுமார் 62 அடி-பவுண்டு. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை மானுக்கு 25 முதல் 41 வரையும், எல்க் போன்ற பெரிய விலங்குக்கு 42 முதல் 65 வரையும் சொல்கிறது.

டிரா லெங்த்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. வில் குட்டையாக இருந்தால், முழுதாக இழுக்கும்போது நாண் முகத்தருகே கூர்மையான கோணத்தில் மடங்கும். மூக்கு நுனியில் நாண் படுவதும், பீப் (நாணில் உள்ள குறிபார்க்கும் துளை) கண்ணுக்கு நேரே வருவதும் கஷ்டமாகும். 30 அங்குலம் இழுக்கும் உயரமான ஆளுக்கு இது பெரிய பிரச்சினை, அவருக்கு நீளமான வில்தான் சரி. 27 அங்குலம் இழுப்பவருக்கோ 33 அங்குல வில்லிலேயே (சக்கர அச்சுக்கு அச்சு அளந்த நீளம்) அந்தக் கோணம் வசதியாக அமைந்துவிடும். வெளிநாட்டு விமர்சனங்களில் “டார்கெட்டுக்கு 38 அங்குலமாவது வேண்டும்” என்று படித்துக் குழம்புகிறவர்கள் எழுதியவரின் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது டிரா வெயிட். உலக வில்வித்தைக் கூட்டமைப்பான வேர்ல்டு ஆர்ச்சரியின் விதிப்படி போட்டியில் காம்பவுண்டு வில்லுக்கு உச்ச வரம்பு 60 பவுண்டு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்குக் கீழ் வரம்பு 40 பவுண்டை ஒட்டி இருக்கிறது. கொலராடோவில் 35. ஆகவே 50 முதல் 60 வரை மாற்றக்கூடிய லிம்ப் (வில்லின் வளையும் பகுதி) வாங்கினால் இரண்டு பக்கமும் சட்டத்துக்குள் வந்துவிடும். 60-70 லிம்ப் வாங்கி அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டலாம் என்பவர்களும் உண்டு. போட்டியில் தராசு முள் 60ஐத் தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை, தாண்டாவிட்டாலும் லிம்ப் அதன் நல்ல நிலையில் வேலை செய்யாது.

லெட்-ஆஃப் என்பதில்தான் வேட்டையும் டார்கெட்டும் நிஜமாகவே பிரிகின்றன. முனைச் சக்கரமான கேம் உருண்டு முடிந்ததும் பாரம் எத்தனை சதவீதம் குறைந்து, கையில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்பது விஷயம். 60 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் என்றால் 12 பவுண்டுதான் கையில் இருக்கும், 70 சதவீதம் என்றால் 18. மரத்தின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்து, மான் திரும்புகிற வரை இழுத்தபடியே காத்திருப்பவருக்கு 12 வேண்டும். 50 மீட்டரில் 72 அம்பு விடுபவருக்கு 18 இருந்தால்தான் நாண் கையோடு இறுக்கமாக நிற்கும், ஆட்டம் குறையும். கேமில் பூட்டும் மாட்யூல் அல்லது பெக் என்ற சிறு பாகத்தை மாற்றி லெட்-ஆஃபைக் கூட்டிக் குறைக்கும் வசதி சில வில்களில் உண்டு. இரண்டுக்கும் ஒன்று வேண்டுமென்றால் இந்த வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. கொலராடோ போன்ற இடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அனுமதி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பிரேஸ் ஹைட் என்பது வில் சும்மா இருக்கும்போது கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. ஆறு அங்குலம் வேகம் தரும், ஏழு அங்குலம் உங்கள் கைத் தவற்றைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். புதியவர் ஏழு அங்குலத்தை ஒட்டியே பாருங்கள்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் போட்டுத் தள்ளும். அத்தனை காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, நாலு பவுண்டு எடையுள்ள குட்டை வில்லை நீட்டிய கையில் அசையாமல் பிடிப்பது பெரும் பாடு. எடையும் நீளமும், ஆட்டத்தைக் குறைக்க முன்னால் நீண்ட கம்பியான ஸ்டெபிலைசரும் உள்ள வில் அங்கே மெதுவாக ஆடும், நிதானிக்க நேரம் கிடைக்கும்.

## நான்கு வழிகள்

எல்லாம் சேர்ந்த கிட். டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் புரோ, பேர் (Bear) குரூசர் ஜி2 போன்றவை. சைட் (குறிபார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்), அம்புக்கூடு எல்லாம் பூட்டியே வரும். இன்ஃபினிட் எட்ஜ் புரோவில் டிரா லெங்த் 13 முதல் 31 அங்குலம் வரை, டிரா வெயிட் 5 முதல் 70 பவுண்டு வரை மாற்றலாம். வீட்டில் அப்பாவும் பத்து வயதுப் பெண்ணும் ஒரே வில்லில் பழகலாம் என்றால் இதுதான். டிரா லெங்த்தை மாற்ற, லிம்பை அமுக்கிப் பிடிக்கும் கருவியான பிரஸ்ஸும் வேண்டாம். நம் ஊருக்கு இது சாதாரண வசதி அல்ல. குறை, அதன் கேம். இத்தனை அளவுக்கும் பொருந்த வேண்டியிருப்பதால், இழுத்து முடிக்கும் இடத்தில் சுவர்போல் உறுதியாக நிற்காமல் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். 30 மீட்டர் வரை தெரியாது, 50 மீட்டரில் தெரியும்.

குட்டை வேட்டை வில். 28 முதல் 31 அங்குலம், ஹொய்ட், மேத்யூஸ், பவ்டெக் நிறுவனங்களின் உயர்ரக மாடல்கள். மரத்தின் மேல் கட்டிய பலகையிலும் புதருக்குள் மறைவிலும் உட்கார இதைவிட நல்லது கிடையாது. சத்தமும் அதிர்வும் குறைவு. ஆனால் கொங்கு நாட்டில் வாழ்கிறவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். புதருக்குள் உட்காரும் வேலை இங்கே இல்லை. இந்த வில்களில் லிம்ப் கிடைமட்டத்தையும் தாண்டி வளைந்திருக்கும், கையடக்கப் பிரஸ் பலவற்றுக்கு ஒத்துவராது. நாண் போனால் வில்லையே வெளியூர் அனுப்ப வேண்டியிருக்கலாம்.

இடைப்பட்ட 33-35 அங்குல வில். மேத்யூஸ் லிஃப்ட் 33, ஹொய்ட் வென்டம் புரோ 33 போல வேட்டை வரிசையிலேயே வரும் நீளமான மாடல்கள். 27 அங்குலம் இழுப்பவருக்கு நாண் கோணம் சரியாக அமையும். நீளமான ஸ்டெபிலைசர் பூட்டினால் டார்கெட்டில் நிற்கும், கழற்றினால் 3டிக்கும் வேட்டைக்கும் போகும். தேசிய அளவில் 720க்கு 700 புள்ளியைத் தாண்டப் போட்டி போடும்போது இது போதாது என்று தோன்றலாம். அந்த இடத்துக்கு வந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

நீள டார்கெட் வில். 36 முதல் 40 அங்குலம், மேத்யூஸ் டிஆர்எக்ஸ், ஹொய்ட் இன்விக்டா, பிஎஸ்இ சுப்ரா வகை. ஸ்டெபிலைசரும் எடைக்கட்டிகளும் சேர்ந்தால் கை வலிக்கிற கனம். 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் தாளில் பத்தை மட்டும் குறிவைக்க இதற்கு ஈடில்லை. இதை வைத்து வேட்டையாட முடியாதா என்றால் முடியும். ஆனால் மரக்கிளையில் லிம்ப் இடிக்காமல் திரும்புவதே ஒரு வித்தையாக இருக்கும்.

| பார்க்க வேண்டியது | கிட் | குட்டை வேட்டை வில் | 33-35 அங்குலம் | நீள டார்கெட் வில் |
|---|---|---|---|---|
| 50 மீட்டர் போட்டி | பழகும்வரை | சுமார் | நன்று | மிக நன்று |
| 3டி, 45 மீட்டருக்குள் | சரி | நன்று | மிக நன்று | நன்று |
| வெளிநாட்டில் வேட்டை | சரி | மிக நன்று | நன்று | சிரமம் |
| ஆடிக் காற்று | ஆடும் | ஆடும் | சமாளிக்கும் | நிற்கும் |
| உள்ளூரில் பராமரிப்பு | சுலபம் | கடினம் | மாடலைப் பொறுத்தது | ஓரளவு சுலபம் |
| வில் மட்டும், அமெரிக்க விலை (ஏறத்தாழ) | 400-600 டாலர், கிட்டாக | 1,200 டாலருக்கு மேல் | 1,200 டாலருக்கு மேல் | 1,500-2,000 டாலர் |

## விலைப் பட்டியலில் வராத செலவு

சுங்க வரி, ஜிஎஸ்டி, அனுப்பும் செலவு எல்லாரும் கணக்குப் போடுவார்கள். அதற்கப்பால் இருப்பதுதான் பையைக் கடிக்கும்.

கிட் தவிர மற்ற மூன்றிலும் பெரும்பாலும் வெறும் வில்தான் வரும். சைட், ஸ்கோப், ரெஸ்ட், பீப், ஸ்டெபிலைசர், ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவி), பெட்டி எல்லாம் தனி. டார்கெட்டுக்கு நல்லதாகப் பூட்டினால் அந்தச் சாமான்களே வில்லின் விலையை எட்டிப் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரு வில் என்று முடிவெடுத்தால், சாமான்களையும் இரண்டுக்கும் பொதுவாக எடுப்பதுதான் புத்தி. அம்பு கிளம்பியதும் கீழே விழும் டிராப்-அவே ரெஸ்ட் இரு பக்கமும் செல்லும். கட்டைவிரலால் அழுத்தும் ரிலீஸும் அப்படித்தான். சைட் மட்டும் ஒன்றாக அமையாது. வேட்டைக்கு 20, 30, 40 கெஜத்துக்கு நிலையான பின்கள் வேண்டும், 50 மீட்டருக்கு லென்ஸ் வைத்த ஸ்கோப் வேண்டும். ஒரே பிடிமானத்தில் தலையை மட்டும் மாற்றும் வகையாகத் தேடுங்கள். தூரத்தைத் தானே அளந்து காட்டும் எலக்ட்ரானிக் சைட் வாங்கினால் போட்டியில் உள்ளே விடமாட்டார்கள். கொலராடோ வேட்டையிலும் விடமாட்டார்கள். போட்டியில் உருமறைப்பு உடைக்கு இடமில்லை, வில்லையும் ஒற்றை நிறத்திலேயே எடுத்துவிட்டால் கேள்வியே வராது.

அம்பு விஷயத்தில் ஆசைப்பட்டால் செலவு இரட்டிப்பாகும். உள்ளரங்கு 18 மீட்டருக்கு 9.3 மில்லிமீட்டர் வரை தடித்த அம்பு புள்ளி வளையத்தின் கோட்டைத் தொட உதவும், வெளியில் காற்றுக்கு மெல்லிய அம்புதான். வேட்டைக்குக் கனமானது. மூன்று வகையும் வாங்கினால் மூன்று முறை ட்யூனிங், மூன்று சைட் அளவு. 400 கிரெயினை ஒட்டிய, நடுத்தரத் தடிமனுள்ள ஒரே அம்பை ஒரு டஜன் எடுத்து முதல் ஆண்டை ஓட்டுங்கள். டிரா வெயிட்டின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் குறைந்த அம்பை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

நாணும் கேபிளும் இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டியவை. பிரஸ் இல்லாமல் காம்பவுண்டு வில்லின் நாணை மாற்ற முடியாது. ஆகவே வில்லைத் தேர்ந்தெடுக்கும் முன்பே உங்களுக்கு எட்டும் தூரத்தில் யாரிடம் பிரஸ் இருக்கிறது, அது எந்த வகை லிம்பைத் தாங்கும் என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அந்த ஆள் ஒரு பயிற்சியாளராகத்தான் இருப்பார். அவரிடம் இருக்கும் அதே நிறுவனத்து வில்லை வாங்குவது தப்பே இல்லை. மாட்யூல், உதிரி திருகு எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும்.

வெயிலும் செலவுதான். சித்திரை மாதம் கரூரிலும் ஈரோட்டிலும் மூடிய காருக்குள் வில்லை விட்டால் நாண் நீளும், லிம்பின் ஒட்டுப் பிரியவும் வாய்ப்புண்டு.

இன்னொரு ஆபத்து உறவினர்கள். “எங்க மாப்ளே, ஒருக்கா இழுத்துப் பாக்கறேன்” என்று வாங்கி, அம்பில்லாமல் இழுத்து விட்டால் லிம்ப் உடையலாம், நாண் அறுந்து கேம் வளையலாம். இதற்கு உத்தரவாதம் கிடையாது. வில்லைக் காட்டினால் கூடவே ரிலீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு செலவு மட்டும் நம் பக்கத்தில் மிச்சமாகும். பயிற்சிக்கு விலை கொடுத்து டார்கெட் மூட்டை வாங்க வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டை இரட்டைச் சாக்கில் இறுக்கி அடைத்தால் கூர் முனை அம்பை நன்றாகவே பிடிக்கும். வேட்டைக்கான, கத்தி அலகு கொண்ட முனையை அதில் எய்தால் அம்பும் போச்சு, மூட்டையும் போச்சு. மூட்டைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை கட்டாயம் வேண்டும். தவறிய அம்பு இருநூறு மீட்டருக்கு மேல் போகும், பக்கத்துத் தோப்பில் தேங்காய் பொறுக்குகிறவர்களுக்கு அது தெரியாது.

## சரி, யார் எதை வாங்குவது?

இங்கேயே இருந்து பழகப்போகும் வயது வந்தவர் என்றால் 33-35 அங்குலம், 50-60 பவுண்டு லிம்ப், ஏழு அங்குலத்தை நெருங்கும் பிரேஸ் ஹைட். உயரம் ஆறடி இருந்தால் நேராக 36க்குப் போங்கள்.

வளரும் பிள்ளைக்கு கிட். இரண்டு மூன்று ஆண்டு ஓடட்டும். பிள்ளை போட்டியில் நிலைப்பது தெரிந்தபின் நேராக நீள வில்லுக்குத் தாவலாம், நடுவில் இன்னொன்று வேண்டாம். காம்பவுண்டு வில்லுக்கு ஒலிம்பிக் வாய்ப்பில்லையே என்று தயங்கிய பெற்றோருக்கு ஒரு செய்தி: 2028 லாஸ் ஏஞ்சலிஸில் கலப்பு அணிப் பிரிவாக அது நுழைகிறது. 2022க்கான ஹாங்சௌ ஆசிய விளையாட்டு 2023இல் நடந்தபோது காம்பவுண்டின் ஐந்து தங்கத்தையும் இந்தியாவே எடுத்தது. ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தியோதலேவும் ஆளுக்கு மூன்று வென்றார்கள்.

வெளிநாட்டில் வேட்டைக்குப் போய், ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருபவர் ஒரே வில்லை விமானத்தில் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இரண்டாகப் பிரிப்பதே மேல் என்பேன். குட்டை வில் அங்கேயே இருக்கட்டும். இங்கே ஒரு கிட்டோ பழைய டார்கெட் வில்லோ இருந்தால் போதும், கூடவே வீட்டில் யாராவது பழகுவார்கள். இரண்டிலும் டிரா லெங்த்தும் ரிலீஸும் ஒன்றாக இருந்தால் உடம்பு குழம்பாது.

பழைய வில் வாங்குவதாக இருந்தால், பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும் என்பதை விலை பேசும்போதே சொல்லிக் குறையுங்கள். பார்க்கப் போகும்போது கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போய் லிம்பின் இரு ஓரத்திலும் மெல்லத் தடவுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நின்றால் அங்கே நார் கிளம்பியிருக்கிறது. அப்படிப்பட்ட வில்லை இழுத்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.